எட்டுக் கொம்புச் சீர்

புதுவீட்டுக்குத் தாய்வீட்டுச் சீர் என்றால் குத்துவிளக்கு கொண்டுவருவார்கள், பித்தளை அண்டா கொண்டுவருவார்கள், கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஃபிரிட்ஜ் வரும். எழிலரசியின் அண்ணன் சூரியபிரகாஷ் கொண்டுவந்தது ரவுட்டர். கருப்பு நிறத்தில், சுற்றிலும் எட்டு ஆன்டெனாக்களை நீட்டிக்கொண்டு, மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி ஒரு சாமான். அதைத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் தேங்காய் பழம் அடுக்கி, அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் இட்டு (நெற்றி எந்தப் பக்கம் என்று எப்படித்தான் கண்டுபிடித்தானோ), மேளத்தோடு தெருமுனையிலிருந்து தூக்கிவந்தான். தானேதான் தூக்கினான். வேறு ஆள் தூக்கினால் போட்டோவில் அவன் மூஞ்சி எப்படி விழும்?

"சென்னைல எங்க ஆபீஸ்ல யூஸ் பண்ற மாடலு. இங்கல்லாம் கிடைக்காது" என்று வாசலில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

பெட்டியின் அடியில் வேலூர் லாங் பஜார் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் பல்லிளித்துக்கொண்டு இருந்தது. எழிலரசி பார்த்தாள். மாமியார் கண்ணில் படுவதற்குள் அதை நகத்தால் சுரண்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிற வேலை எப்போதும் பெண்பிள்ளை தலையில்தான் விழுகிறது. அதைக் கப்பலேற்றுகிற வேலையை அண்ணன்மார்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

சூரியபிரகாஷ் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். இருக்கிறான் என்பது சத்தியமான வார்த்தை. ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன்களை நேரத்துக்கு அனுப்புவது அவன் வேலை. அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, நல்ல வேலைதான். ஆனால் பிறந்த ஊரான காவேரிப்பாக்கத்துக்கு வந்துவிட்டால் அவனுக்கு வேன் மறந்துவிடும். ஊரில் எவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாடி பிடிக்க உட்கார்ந்துவிடுவான். உட்காருவான், அவ்வளவுதான். எழுந்து போகும்போது அது முன்னைவிட மோசமாக இருக்கும். போகிற போக்கில், "உங்க லைன் சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான்.

அன்றைக்கும் பந்தி முடிந்த கையோடு ஹாலில் சபை கூட்டிவிட்டான்.

"மோடம்னா ஸ்பீடு குடுக்கறது. ரவுட்டர்னா அந்த ஸ்பீட ரவுண்டா எல்லா ரூமுக்கும் சுத்த வுடறது. அதான் அந்தப் பேரு. எத்தினி ஆன்டெனா இருக்குதோ அத்தினி மடங்கு நெட்டு. உங்க வூட்ல இருக்கறது இன்னா? ஒண்ணுகூட வெளிய தெரில. அதெல்லாம் ஒரு பொட்டியா?"

அடேயப்பா, என்ன ஞானம்! கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அவன் நக்கலடித்த வெள்ளைப் பெட்டி, கிரகப்பிரவேசத்துக்கு முன்பிருந்தே, ஒரு மாதமாக அந்த வீட்டில் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. லோக்கல் நெட்காரர் ஜான் பாஷா மாட்டிவிட்டுப் போனது. தெருக் கம்பத்திலிருந்து கண்ணாடி இழையில் வருகிற இணைப்பை வாங்குவது, அதை வீட்டிலுள்ள போன்களுக்குப் பங்கு போடுவது, காற்றிலே வைஃபையாக அனுப்புவது, மூன்றையும் அது ஒன்றே செய்தது. அதாவது வீட்டில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருந்தது. அதற்குக் கொம்பு இல்லை, அதனால் மரியாதையும் இல்லை.

சூரியபிரகாஷ் ஒரு ஒயரை எடுத்து வெள்ளைப் பெட்டியில் ஒரு முனையைச் சொருகினான். மறுமுனையை நண்டின் முதுகில் கைக்குக் கிடைத்த ஓட்டையில் சொருகினான். வெளியிலிருந்து வருகிற இணைப்புக்கென்று நீல நிறத்தில் ஓர் ஓட்டை தனியாகவே இருந்தது. பக்கத்தில் எழுதியும் இருந்தது. எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் இருந்தால் அவன் ஏன் சூரியபிரகாஷாக இருக்கப்போகிறான்? விளக்குகள் பச்சையாக மினுங்கின. கூட்டம் கைதட்டியது.

பிறகு வைஃபைக்குப் பேர் வைத்தான். குழந்தைக்குப் பேர் வைக்கிற மாதிரி யோசித்து, கடைசியில் தன் பேரையே வைத்தான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எவன் போனைத் திறந்தாலும் பட்டியலின் உச்சியில் 'சூர்யா அண்ணன் சீர்' என்று தெரிந்தது. பாஸ்வேர்டு அவன் பைக் நம்பர்.

எழிலரசியின் கணவன் செந்தில்குமார் ஆம்பூரில் தோல் பதனிடுகிற தோல் ஷாப் ஒன்றில் சூப்பர்வைசர். சண்டை என்று வந்தால் செருப்பைத் தேடுகிற ஆள், மாட்டிக்கொண்டு வெளியே போவதற்கு. "உங்க அண்ணன் சீரு. நான் இன்னாத்த சொல்றது?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இவ்வளவும் வெறும் கூத்தாக முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டின் பின் அறையில் இரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. எழிலரசியும் பூவம்மாளும் ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். கக்கூஸுக்கு எழுந்தால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிற அந்தக் கம்பெனி சூப்பர்வைசரிடமிருந்து விலகி, தோல் ஹேண்ட்பேக் தைத்து விற்கலாம் என்று துணிந்து வெளியே வந்திருந்தார்கள். பெங்களூரில் கடை வைத்திருக்கும் சௌமியா என்ற பெண் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "வீடியோ கால்ல பையைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்க. தையல், ஓரம், லைனிங் எல்லாம் நேர்ல பாக்கற மாதிரி பாக்கணும். பிடிச்சா சீசன் முழுக்க உங்க கிட்டதான்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஆர்டர் வந்தால் இருவரும் தங்கள் கால்மேல் நிற்கலாம். வராவிட்டால் அதே கம்பெனி கேட்டில் தலையைக் குனிந்துகொண்டு போய் நிற்க வேண்டும். அந்த சூப்பர்வைசர் என்ன சிரிப்புச் சிரிப்பான் என்று இருவருக்கும் தெரியும்.

சீர் வந்த வாரமே அந்த அழைப்பு வந்தது. ஹாலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தபோது சௌமியாவின் முகம் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. "தையல் கிட்டக்கக் காட்டுங்க" என்றாள். நல்ல வெளிச்சம் பின் அறையில்தான். எழிலரசி பேசிக்கொண்டே அங்கே நடந்தாள். சௌமியா பாதி வாய் திறந்தபடி உறைந்துபோனாள். அப்புறம் குரல் மட்டும், "எழில்? கேக்குதா? எழில்?" அப்புறம் அதுவும் இல்லை. போனில் வைஃபை கோடுகள் மட்டும் முழுசாக நின்றன. இணையம் இல்லை என்று கீழே ஒரு வரி.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஒரு தடவை கிடைத்தது, அடுத்த தடவை கிடைக்கவில்லை. பூவம்மாள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னா எழிலு, போச்சா?"

"போவாதுக்கா. இரு" என்றாள் எழிலரசி.

சௌமியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'நெட்டே இப்படின்னா சப்ளை எப்படி? வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பார்ப்போம். இல்லேன்னா வேற ஒருத்தங்க காத்திருக்காங்க.'

ஊர்க்கோடியில் இருந்த அந்தப் புது நகருக்கு செல்போன் டவர் சரியாக எட்டாது. மொட்டைமாடிக்குப் போனால் பேசலாம், எழுத்துப் படிக்கலாம், வீடியோ ஓடாது. எழிலரசி மாடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"கோடு புல்லா காட்டுதா?" என்றான் அவன்.

"காட்டுதுண்ணா. ஆனா..."

"அப்ப நெட்டு புல்லா இருக்குது. ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. பேண்ட்வித் ஜாஸ்தியா வருது, உங்க ஊரு லைனு தாங்கல. நீ ஏதாவது நோண்டினியா?"

இதைவிடப் பெரிய அபத்தத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்தக் கோடுகள் சொல்வதெல்லாம் நாம் குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பதைத்தான். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு சமாசாரம். பேண்ட்வித் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு வரமுடியும் என்கிற அளவு, குழாயின் அகலம். அகலம் ஜாஸ்தியானதால் தாகம் தீரவில்லை என்று சொன்ன முதல் மனிதன் இவனாகத்தான் இருப்பான்.

"அண்ணா, கொஞ்ச நாளைக்கு அத்தக் கழட்டி வச்சிப் பாக்கட்டுமா?"

அவன் வெடித்தான். "சீரைக் கழட்டறியா? நாலு பேர் முன்னாடி நான் தூக்கினு வந்தத? ஏன், உங்க வூட்டுக்காரரு எதனா சொன்னாரா? அம்மா கிட்ட சொல்றேன் இரு."

சொன்னான். சாயங்காலமே காவேரிப்பாக்கத்திலிருந்து அம்மா அழுதுகொண்டு போன் செய்தாள். "அவன் ஆசையா வாங்கினு வந்தாம்மா. பொறந்த வூட்ட அவமானப்படுத்தாத. இன்னா எழவு மிஷினோ, அது பாட்டுக்கு ஒரு மூலைல எரிஞ்சினு கெடக்கட்டுமே." எழிலரசி சரி சரி என்றாள். தங்கச்சி பிழைப்பு நாசமானாலும் பரவாயில்லை, அண்ணன் மாட்டிய விளக்கு எரிய வேண்டும்! என்ன குடும்பம் இது!

ஜான் பாஷாவைக் கூப்பிட்டாள்.

"நம்ம சைடு கிளியரா கீதுக்கா. வூட்டுக்குள்ள நீங்க இன்னா மாட்டி வச்சினு கீறீங்களோ, அதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்றார் அவர் கொட்டாவியோடு. வந்து பார்க்கக் கூப்பிட்டதற்கு, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மாடியிலேயே உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தாள். படித்தது முக்கால்வாசி புரியவில்லை. கால்வாசி புரிந்தது, அது போதுமாக இருந்தது. வீட்டு வைஃபைக்குள் நுழைகிற ஒவ்வொரு போனுக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் வேண்டும். ஐ.பி. முகவரி என்று பெரிய பேர் சொல்வது அதைத்தான். எண்ணைக் கொடுப்பது ரவுட்டர். கொடுக்கும்போதே, வெளியே போக இதுதான் வாசல் என்று வழியும் காட்டிவிடும். ஒரு வீட்டில் ஒரு பெட்டிதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு பெட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு எண் கொடுத்தால், எது முந்துகிறதோ அதன் பேச்சைப் போன் கேட்கும். அறை மாறும்போது போன் ஒரு பெட்டியின் வைஃபையை விட்டு இன்னொன்றைப் பிடித்தால், எண்ணை மறுபடி கேட்கும். வெள்ளைப் பெட்டி முந்தினால் வாசல் திறந்திருக்கும். நண்டு முந்தினால், அது காட்டுகிற வாசலுக்குப் பின்னால் வெறும் சுவர்தான். அதன் நீல ஓட்டைதான் காலியாகக் கிடக்கிறதே! ஒன்றுமில்லாத இடத்துக்கு வழி காட்டிக்கொண்டு, எட்டுக் கொம்பையும் ஆட்டிக்கொண்டு, பச்சை விளக்கு வேறு.

எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெட்டி அப்படியே அண்ணனை உரித்து வைத்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வேலையை முடித்தாள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருந்த ஒயரைப் பிடுங்கினாள். நண்டின் முதுகில் வைஃபையை நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருந்தது, அதை அமுக்கினாள். கரண்டை மட்டும் விட்டு வைத்தாள். விளக்குகள் எரிந்தன. அம்மா கேட்டது அதுதானே, எரியட்டும். அப்புறம் வெள்ளைப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, அதில் சொன்னபடி உள்ளே நுழைந்து, அதன் வைஃபை பேரை மாற்றி 'சூர்யா அண்ணன் சீர்' என்று எழுதினாள். பாஸ்வேர்டாக அதே பைக் நம்பர். பேரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருந்தால் போன்கள் பழைய பெட்டியா புதுப் பெட்டியா என்று கேட்பதில்லை, தானாகவே ஒட்டிக்கொள்ளும். சொந்தக்காரர்களும் கேட்கமாட்டார்கள்.

பூவம்மாள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! உங்க அண்ணன் வந்து கண்டுபுடிச்சா?"

"கண்டுபுடிக்கத் தெரிஞ்சவனா இருந்தா இவ்ளோ பேஜாரே இல்லியேக்கா" என்றாள் எழிலரசி.

வெள்ளிக்கிழமை சௌமியா விடாமல் பார்த்தாள். பையின் உட்புறத்தை வெளியே திருப்பச் சொன்னாள், ஜிப்பை இழுத்து இழுத்துக் காட்டச் சொன்னாள், கைப்பிடி மூலையில் நூல் எப்படி முடிந்திருக்கிறது என்று கேட்டாள். எழிலரசி ஹாலுக்கும் பின் அறைக்கும் வாசல் வெயிலுக்குமாக நடந்தாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசியில் சௌமியா கேமராவிலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்து, "சரி எழில், ஆரம்பிச்சிடுங்க. இந்த சீசன் உங்களுதுதான்" என்றாள். போனை வைத்ததும் பூவம்மாள் ஏசுவுக்கு நன்றி சொன்னாள். எழிலரசி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்காக விட்டுவிட்டாள். அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம், "நெட்டு எப்டி, பறக்குதா?" என்பான். "பறக்குதுண்ணா" என்பாள். பொய் இல்லையே.

பைகள் பெங்களூர் போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷ் வந்தான். ஏலகிரிக்கு டூர் போகிற வழியாம். கூட ஆபீஸ் நண்பன் ஹேமந்த். ஆம்பூரில் இறங்கிவிட்டுப் பிரியாணி இல்லாமல் எப்படி என்று முன்னாலேயே போன் செய்து உத்தரவு போட்டிருந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே போனைத் திறந்து கிரிக்கெட் மேட்சை ஓடவிட்டான். அது தானாகவே வைஃபையைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா?" என்று ஹேமந்திடம் போனை நீட்டினான். "கொஞ்சமாச்சும் சுத்துதா? எட்டு ஆன்டெனா. நான் போட்டது."

ஹாலில் டி.வி. பக்கத்தில் நண்டு பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. ஹேமந்த் மரியாதையாகப் பார்த்தான். செந்தில்குமார், "மச்சான் போட்டதுதான்" என்று பல்லைக் காட்டினான். எழிலரசி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பூவம்மாள் பின் அறையில் கடைசிப் பைகளுக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தத் தெரிந்த வாயா அது? பின் அறையில் எட்டிப் பார்த்தான். அடுக்கியிருந்த பைகளில் ஒன்றை எடுத்தான். வெளியிலிருந்து வந்த கையைக் கழுவக்கூட இல்லை. கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே ஹாலுக்கு வந்தான்.

"இது பெங்களூருக்குப் போவுது மச்சி. எப்டி வந்துச்சு இந்த ஆர்டரு? தைக்கறவங்க இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்காங்க, தடுக்கி வுழுந்தா தையக்காரி மேலதான் வுழணும். இவுங்களுக்கு மட்டும் ஏன் வந்துச்சு? நெட்டு! நான் குடுத்த நெட்டு. அந்த ரவுட்டர நான் தூக்கினு வர்லன்னா இதுங்க ரெண்டும் இன்னும் கம்பெனி கேட்லதான் நின்னுனு இருக்கும்."

பின் அறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பூவம்மாள் கதவருகே வந்தாள். கண் கலங்கி எழிலரசியைப் பார்த்தாள்.

எழிலரசிக்கு அம்மா நினைவு வந்தது. அழுகிற குரல் வந்தது. பிறந்த வீடு, மானம், நாலு பேர், எல்லாம் வரிசையாக வந்தன. அவ்வளவு நாளாக விழுங்கிய வார்த்தைகளும் வந்தன. இதுங்க ரெண்டும்! அந்த வார்த்தைக்குப் பிறகு விழுங்க இடமில்லை.

முதலில் அண்ணன் கையிலிருந்து பையை வாங்கினாள். முந்தானையால் கைப்பிடியைத் துடைத்துப் பூவம்மாளிடம் கொடுத்தாள். டி.வி. பக்கம் போனாள். சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடித்து இழுத்தாள். நண்டின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. அதைத் தூக்கி, முதுகைத் திருப்பி, ஒரு ஒயர்கூட இல்லாமல் காலியாக இருந்த ஓட்டைகளை எல்லோருக்கும் காட்டி, அண்ணனின் மடியில் வைத்தாள்.

"ஏய், இன்னா பண்ற!" என்று கத்தினான் சூரியபிரகாஷ்.

"மேட்ச் ஓடுதாண்ணா?"

அவன் கையிலிருந்த போனைப் பார்த்தான். ஹேமந்தும் எட்டிப் பார்த்தான். பேட்ஸ்மேன் பந்தைத் தூக்கி அடித்தான், ஸ்டேடியம் ஆரவாரம் செய்தது. படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சூரியபிரகாஷ் மடியில் செத்துக் கிடந்த பெட்டியைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான், வைஃபை எதில் இருக்கிறது என்று விரலால் தட்டிப் பார்த்தான். 'சூர்யா அண்ணன் சீர்' என்று காட்டியது.

"பேரு மட்டும்தாண்ணா உன்னுது" என்றாள் எழிலரசி. "அதுவும் பாவம்னு நான் வச்சது."

ஹேமந்த் சிரிப்பை அடக்குவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செந்தில்குமார் செருப்பைத் தேடினான்.

"எங்கியும் போவாதீங்க, உக்காருங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, எழிலரசி பூவம்மாளுக்கும் சேர்த்து இலை போட்டாள்.